இடையில் தங்கிய நாடு

ஒக்லாந்தில், எல்லர்ஸ்லி என்ற பகுதியில், ரயில் பாதைக்கும் மோட்டர்வேக்கும் நடுவில் இருந்த ஒரு மாடிக் கட்டடத்தில் நான் வேலை பார்த்த கந்தோர் இருந்தது. கப்பலில் வரும் சாமான்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் கந்தோர். கொழும்பிலும் எனக்கு இதே தொழில்தான். ஆனால் அங்கே துறைமுகத்துக்குள் வெயிலில் அலைய வேண்டும், நாலு பேரிடம் பல்லைக் காட்ட வேண்டும், அப்போதுதான் பெட்டி வெளியே வரும். இங்கே மேசையில் இருந்தபடி ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினால் போதும். உலகத்தில் மனிதன் செய்யும் எந்தச் சாமானுக்கும் அந்தப் புத்தகத்தில் ஓர் எண் இருந்தது. சரியான எண்ணைக் கண்டுபிடிப்பவனுக்குச் சம்பளம்.

எனக்கு ஒதுக்கப்பட்டது தளபாடம். மேசை, கதிரை, அலுமாரி, அவற்றின் பாகங்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஆசியாவில் இருந்து கன்டெய்னர் கன்டெய்னராகத் தளபாடம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கதிரையைக் கழற்றி, கால் வேறு முதுகு வேறு இருக்கை வேறாகப் பெட்டியில் அடுக்கி அனுப்பினாலும், எல்லாம் ஒரே தடவையில் வந்தால் சட்டத்தின் கண்ணில் அது முழுக் கதிரைதான். கால்கள் மட்டும் வந்தால் அது கதிரையின் பாகம். ஒரு பெட்டி திருகாணி தனியாக வந்தால் அதற்கும் கதிரைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது இரும்புச் சாமான்களோடு போய்ச் சேர வேண்டும். இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஒழுங்கு என்று ஒன்று மிஞ்சியிருந்தது அந்தப் புத்தகத்தில்தான் என்று நான் நினைத்திருந்த காலம் அது.

பத்திரத்தின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். சாமான் எந்த நாட்டில் கப்பலேறியது என்று ஒன்று. எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று மற்றது. புதியவர்கள் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து ஒரே பெயரை எழுதிவிட்டு வந்து நிற்பார்கள். சிங்கப்பூரில் ஒரு மாதம் கிடந்தாலும் சாமான் சிங்கப்பூர்ச் சாமான் ஆகாது, அங்கே இறக்கினார்கள், ஏற்றினார்கள், வேறு என்ன செய்தார்கள், இடையில் தங்கிய நாடு கணக்கில் இல்லை என்று நான் விளக்குவேன். கொஞ்சம் திமிரோடுதான் விளக்குவேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதிருந்த விஷயம் அது ஒன்றுதான்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கதைக்க ஆள் இல்லை. எனக்குப் பயங்கரத் தனிமை. அப்போது கேட்டிருந்தால் களைப்பு என்று சொல்லியிருப்பேன், ஆனால் அது தனிமைதான். தேநீர் குடித்துக்கொண்டே கேத்தலுக்கு எண் என்ன, கம்பளிக்கு எண் என்ன, சுவரில் தொங்கும் மாதா படத்துக்கு எண் என்ன என்று மனதுக்குள் வகைப்படுத்திக்கொண்டிருப்பேன். ஒரு வெள்ளி மாலையில் கந்தோரை விட்டுப் புறப்பட்டவன், திங்கள் காலைவரை வாய் திறந்து சொன்னது டெய்ரி என்ற தெருமுனைக் கடையில் பால் வாங்கும்போது ‘தாங்க்ஸ்’ என்ற ஒரு சொல்தான் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லுக்கும் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

மனைவியும் மகளும் சென்னையில் இருந்தார்கள். சண்டை திரும்பவும் தொடங்கியபோது நான் கொழும்பில் வேலையில் நின்றேன். அவள் பதினொரு மாதக் குழந்தையோடு மன்னாரில் தாய்வீட்டில் இருந்தாள். பாதை அடைபட்டது. அவள் இரவோடிரவாகப் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, பிறகு சென்னைக்குப் போனாள். நான் வேறு வழிகளில் சுற்றி ஒக்லாந்துக்கு வந்து அகதியாக விண்ணப்பித்தேன். ஆறு மாதத்தில் உங்களைக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருந்தேன். அந்த ஆறு மாதம் நாலு வருடமானது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, மதியத்துக்குப் பிறகு தொலைபேசி எடுப்பேன். சென்னையில் அப்போது காலை. அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவிடம்தான் தொலைபேசி இருந்தது. அவர் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுக்க, அவள் இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக நான் கிழமை முழுவதும் காத்திருப்பேன். அவள் வந்து ‘ஹலோ’ சொன்னதும் என்னிடம் இருந்து வருவதெல்லாம் கந்தோர்க் கேள்விகள். பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்த்தாச்சோ, படம் எடுத்தாச்சோ, காதுகள் இரண்டும் தெரிய எடுத்ததோ. அவளும் ‘ஓம், எடுத்தாச்சு’ என்று பதில் சொல்லுவாள். கடைசியில் மகளிடம் கொடுப்பாள்.

“சாப்பிட்டீங்களோ குஞ்சு?”

“ஆமாப்பா. இட்லி.”

“ஓம் எண்டு சொல்லுங்கோ.”

“ஆமாப்பா.”

இங்கே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு வதிவிட அனுமதி கிடைத்த கிழமையே அவர்கள் இருவருக்குமான படிவத்தை வாங்கி வந்தேன். மூன்று நாட்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கந்தோர் மேசையிலேயே வைத்து நிரப்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், அச்சடித்த மாதிரி எழுத்தில். என் முதலாளி, ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரர், அந்தப் பக்கம் போனவர் நின்று பார்த்து, இதைவிடச் சுத்தமான படிவத்தைத் தான் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் ஒரு கேள்வி. விண்ணப்பதாரர் கடந்த பத்து வருடங்களில் எந்தெந்த நாடுகளில், எப்போதிலிருந்து எப்போதுவரை வசித்தார்? மனைவிக்கு நான் இலங்கை என்று எழுதினேன். தொடக்கத்தில் இருந்து இன்றுவரை. மகளுக்கும் அதையே எழுதினேன். தொடர்பு முகவரி என்ற இடத்தில் மட்டும் சென்னை முகவரியைக் கொடுத்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை, சத்தியமாக. என் கை இவ்வளவு காலமும் எப்படி எழுதிப் பழகியதோ அப்படி எழுதியது. அவர்கள் மன்னாரில் இருந்து புறப்பட்டவர்கள். ஒக்லாந்துக்கு வர வேண்டியவர்கள். சென்னையில் தங்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

படிவத்தைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்.

“பென்சிலாலை புள்ளடி போட்டிருக்கிறன். அந்த இடங்களிலை மட்டும் கையெழுத்து வையும். வேறை ஒண்டும் எழுதிப் பழுதாக்கிப் போடாதையும்.”

“ஓம்,” என்றாள்.

புள்ளடி போட்ட இடங்களில் கையெழுத்து வைத்து மறுநாளே அனுப்பிவிட்டாள். மூன்று மாதத்தில் விசா வந்துவிடும் என்று எனக்கு நிச்சயம். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் சொல்லும், ஆயத்தமாக இரும் என்று அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவசரப்படுத்தினேன். அவள் ஒரு சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தாள். அந்த வேலையையும் விட்டாள்.

அந்த நாட்களில்தான் கிளென்ஃபீல்டில் தளபாடக் கடை வைத்திருந்த ஒரு மலேசியத் தமிழரோடு எனக்குப் பிரச்சினை வந்தது. மலேசியாவில் இருந்து கதிரைக் கால்களையும் முதுகுகளையும் இறக்குமதி செய்து, கடைக்குப் பின்னால் பொருத்தி விற்பவர். அவருடைய பத்திரத்தில் செய்யப்பட்ட நாடு மலேசியா என்று இருந்தது. அப்படியென்றால் வரி குறையும். ஆனால் கூட வந்த கடிதம் ஒன்றில் மரக்கால்கள் இந்தோனேசியாவில் வெட்டப்பட்டவை என்று ஒரு வரி இருந்தது. நான் அதன் கீழே கோடிழுத்து, கேள்விக்குறி போட்டு, அவருக்கே திருப்பி அனுப்பினேன். அவர் முகம் கறுத்து, துறைமுகப் பாலத்தைக் கடந்து எல்லர்ஸ்லிக்கே காரில் வந்துவிட்டார்.

“மலேசியான்னு போட்டிருக்கேன் சார். நீங்க ஏன் கொஸ்டின் மார்க் போட்டு அனுப்புறீங்க?”

“கால் வெட்டினது இந்தோனேசியாவிலை எண்டு உங்கட ஆளே எழுதியிருக்கிறார். மலேசியாவிலை நிண்டு வந்திருக்கு. அவ்வளவுதான்.”

“நின்னு வந்திருக்கா?”

ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்து என் மேசையில் வைத்தார். ஒன்று சிராம்பு சிராம்பாக நீட்டிக்கொண்டிருந்த சதுரக் கட்டை. மற்றது கடைந்து, தேய்த்து, துளையிட்டு, வார்னிஷ் பூசிய கதிரைக் கால்.

“இது அங்க வந்தது. இது அங்கேருந்து போனது. தொட்டுப் பாருங்க. காய வெச்சது அங்க, கடைஞ்சது அங்க, ஓட்டை போட்டது, தேச்சது, எல்லாம் அங்கத்தான் லா. மரம் வேற ஊருதான், நான் இல்லைங்கல. ஆனா இத காலாக்குனது யாரு? இவ்ளோ வேலை நடந்த எடத்த நீங்க சுலபமா நின்னு வந்துச்சுன்னு சொல்லிட்டீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விதி என் பக்கம் இருக்கிறதா அவர் பக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுகிறவன் இல்லை நான். ஒரு சாமானைச் செய்ய ஆன செலவில் பாதியாவது அந்த நாட்டில் ஆகியிருந்தால் அது அந்த நாட்டுச் சாமான். அதுதான் விதி. தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினேன். காய வைக்க என்ன, கடைய என்ன, பூச என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஃபேக்ஸில் வந்த பதிலைப் பார்த்து மறுபடியும் கேட்டு, ஒரு கிழமை முழுதும் அந்தக் காலோடு மல்லுக்கட்டினேன். பாதிக்கு மேலேயே மலேசியாவில் நடந்திருந்தது. அவர் சொன்னதுதான் சரி. மலேசியா என்று என் கையாலேயே எழுதினேன், சுங்கமும் ஏற்றுக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதிரைக் காலின் கதையைப் பத்து நிமிடம் மனைவிக்குச் சொன்னேன். அவள் ‘அப்பிடியோ’, ‘அப்பிடியோ’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசா வரவில்லை. குடிவரவுத் திணைக்களத்தில் இருந்து கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் இன்றுவரை இலங்கையில் வசிப்பதாகப் படிவம் சொல்கிறது, முகவரியும் மருத்துவ அறிக்கையும் சென்னையில் இருந்து வந்திருக்கின்றன, இந்தியாவில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழ் எங்கே, தவறான தகவல் தரப்பட்டதற்கு விளக்கம் என்ன என்று கேட்டிருந்தார்கள். விளக்கம் வரும்வரை கோப்பு நிறுத்தி வைக்கப்படும். நான் மற்றவர்களுக்கு அனுப்பும் கடிதங்கள் இதே மாதிரித்தான் இருக்கும். அதே பணிவு, அதே கடுமை.

ஞாயிறுவரை பொறுக்காமல் அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்து வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டது இதுதான்.

“இந்தியா எண்டு ஏன் எழுதேல்லை?”

“நீங்கள் அங்கை தற்காலிகமாத்தானே...”

“எத்தினை வருசம்?”

அவளே பதிலும் சொன்னாள்.

“நாலு வருசம். பிள்ளை நடந்தது இஞ்சை. கதைச்சது இஞ்சை. பள்ளிக்கூடம் போனது இஞ்சை. ரெயில்வே ஸ்டேசன் வாங்கிலை இருத்தி வைச்ச ஆக்களைப் போலை எங்களை எழுதியிருக்கிறியள். நான் வேலையை விட்டிட்டன். பிள்ளையின்ரை பேரைப் பள்ளிக்கூடத்திலை வெட்டியாச்சு. இப்ப நான் ஆருக்கு என்ன சொல்ல?”

அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தொலைபேசியை வைத்துவிட்டு நான் மேசையில் குந்தியிருந்தேன். ஒரு கதிரைக் காலுக்கு எங்கே என்ன நடந்தது என்று ஒரு கிழமை கடிதம் போட்டு விசாரித்தவன், பெண்டாட்டி பிள்ளைக்கு அங்கே என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. என் மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

விளக்கக் கடிதத்தை நானே எழுதி அனுப்புகிறேன் என்று அடுத்த ஞாயிறு சொன்னேன். அவள் விடவில்லை.

“நான் எழுதுறன். நீங்கள் அங்கை கொண்டு போய்க் குடுத்தாக் காணும்.”

கடிதம் இரண்டு கிழமையில் வந்து சேர்ந்தது. நாலு பக்கம், ஆங்கிலத்தில், சின்னப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியையின் உருண்டையான எழுத்தில். பொலிஸ் நிலையத்தில் அகதியாகப் பதிந்த தாள்களின் பிரதிகளையும் வருட வரிசையில் கோத்திருந்தாள். என் வேலைப் பழக்கத்தில் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

நாலு வருடத்தில் மூன்று வீடுகள் மாறியிருந்தார்கள். முதல் வீட்டில் ஓர் அறையில் எட்டுப் பேர். எனக்கு முகவரிகள் மாறியது தெரியும், எட்டுப் பேர் என்று தெரியாது. பள்ளியில் முதல் வருடம் குழந்தைகளுக்குச் சோறூட்டும் வேலை, அதன் பிறகுதான் ஆசிரியை. இரண்டாம் வருட மழைக்காலத்தில் அவளுக்குத் தைஃபாய்டு வந்து பதினொரு நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அந்தப் பதினொரு நாளும் மகளை வைத்திருந்தது மேல்வீட்டுப் பெண். ஒவ்வொரு மாலையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, வார்டின் ஜன்னலுக்கு வெளியே நின்று தாய்க்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அது எந்த மாதம் என்று கடிதத்தில் இருந்தது. எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்தடுத்து இரண்டு ஞாயிறுகள் நான் தொலைபேசி எடுத்தபோது வீட்டுக்கார அம்மா ‘வெளிய போயிருக்காங்க தம்பி’ என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் எடுப்பேன் என்று தெரிந்தும் வெளியே போனாளே என்று மூன்றாம் ஞாயிறு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினேன். அவள் மன்னிப்புக் கேட்டாள்.

நாலு பக்கத்திலும் நான் ஒரே ஓர் இடத்தில் வந்தேன். கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவார் என்று எழுதியிருந்தாள். அதிலும் தவறு இல்லை. பென்சிலை வைத்துவிட்டு, கடிதத்தை உறையில் போட்டு, நானே நடந்து போய்க் குடிவரவுக் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

“ஆஸ்பத்திரியிலை இருந்ததை எனக்குச் சொல்லேல்லை,” என்றேன் அந்த ஞாயிறு.

“சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்? அங்கை தனிய இருந்து அழுதிருப்பியள்.”

பொலிஸ் சான்றிதழுக்கு அவள் எத்தனை தடவை நடந்தாள் என்று இந்தத் தடவை ஒவ்வொரு கிழமையும் கேட்டேன். எந்த பஸ், எந்த வாசலில் எவ்வளவு நேரம், யார் கூட வந்தது என்று கேட்டேன். முதலில் அவளுக்கு அது சந்தேகமாக இருந்திருக்க வேண்டும், சுருக்கமாகவே சொன்னாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினாள். மருத்துவ அறிக்கை காலாவதியாகிவிட்டதால் அதையும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. பள்ளியில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், மகளையும் சேர்த்தார்கள். மேல்வீட்டுப் பெண்தான் தலைமையாசிரியையிடம் போய்ப் பேசினாளாம். இப்படி ஒரு வருடம் கிட்டத்தட்ட ஓடிப்போனது.

அனுமதிக் கடிதம் ஒரு புதன்கிழமை கந்தோர் முகவரிக்கு வந்தது. முதலாளி தன் அறையைக் காட்டி, அங்கிருந்தே சென்னைக்குப் பேசு என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். அங்கே காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரம். செருப்புச் சத்தம் அவசரமாக இறங்கி வந்தது.

“கிடைச்சிட்டுது,” என்றேன். “ரெண்டு பேருக்கும்.”

அவள் அழுகிற சத்தம் கேட்டது. சந்தோசத்தில் அழுகிறாள் என்று நான் நினைத்தேன், நானும் அழத் தொடங்கினேன். அழுகை நிற்கவில்லை. பின்னால் மகள் ‘ஏம்மா அழுவுற, யாரும்மா’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சந்தோசமில்லையோ?” என்றேன்.

“சந்தோசம்தான்.” மூக்கை உறிஞ்சினாள். “மேல்வீட்டு அக்காவை விட்டிட்டு வரமாட்டன் எண்டு இவள் போன மாதமே சொல்லிப்போட்டாள். நானும் அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது?”

வீடு பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது, தமிழ்ப் பூசை மாதம் ஒரு தடவை உண்டு என்று அடுக்கிக்கொண்டு போனேன். இவ்வளவு வருடமும் அவர்களை அந்தத் தங்குமிடத்தில் இருந்து மீட்டு வீட்டுக்குக் கொண்டுவரப்போகிறேன் என்றே நினைத்திருந்தேன். இரண்டு பேரையும் ஒரு வீட்டில் இருந்து கிளப்புகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

“இஞ்சருங்கோ,” என்றாள். “அங்கை பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம்?”

நான் குடியிருந்தது சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடு. அந்தப் பக்கத்தில் சில நேரம் யாரோ இருமுவார்கள். காலையில் ஒரு கார் கிளம்பும். ஆணா பெண்ணா, வயதானவரா, பிள்ளைகள் இருக்கிறார்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்கு நான் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

“விசாரிச்சுச் சொல்லுறன்,” என்றேன்.